வேலை கூடினால் கம்ப்யூட்டர் ஏன் 'ரீஸ்டார்ட்' ஆகிறது?



டைப் அடித்தால் ஒன்றும் ஆகாது. பாட்டுக் கேட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனா வீடியோ எடிட் பண்ணினாலோ, பெரிய கேம் போட்டாலோ திரை 'டக்'கென்று இருண்டு, கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆகும். பாகங்களைத் தனித்தனியா வாங்கி வீட்டிலேயே மாட்டிய கம்ப்யூட்டர்களுக்கு வரும் நோய் இது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்தது.

என் அண்ணன் பாலிடெக்னிக் படிக்கிறார். லீவு நாளில் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுத்துத்தான் ஃபீஸ் கட்டுகிறார். கம்ப்யூட்டருக்குக் கொடுத்த பணம் அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன். டவுனில் ஒரு கடையில் காட்டினோம். கழற்றிக்கூடப் பார்க்காமல், "மதர்போர்டும் பிராசஸரும் போச்சு, 9,500 ரூபாய் ஆகும்" என்றார்கள். அம்மா முகம் வாடிவிட்டது. அண்ணன் வீட்டுக்கே திருப்பி எடுத்து வந்தார். ஐந்து நாள் நாங்களே சோதித்தோம். அண்ணன் கழற்றி மாட்டுவார், நான் நோட்டில் எழுதுவேன். அந்த நோட்டில் இருந்ததைத்தான் இங்கே தருகிறேன்.

முதல் விதி: ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்

ஜுரம் என்று போனால் டாக்டர் உடனே ஊசி போடுவதில்லை. முதலில் கேள்வி கேட்கிறார். கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். ரேம், ஃபேன், வயர் எல்லாத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சரியாகலாம். ஆனா எதனால் சரியானது என்று தெரியாது. அதனால் ஒன்றை மாற்று, சோதி, எழுது. பிறகுதான் அடுத்தது.

1. நீலத் திரை வருகிறதா?

விண்டோஸில் பிழை வந்தால் தானே ரீஸ்டார்ட் ஆகும்படி ஒரு அமைப்பு இருக்கிறது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி என்று போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு நீலத் திரை வந்து நின்றால், அதில் உள்ள குறியீட்டை எழுதிக்கொண்டு முதலில் ரேமையும் டிரைவரையும் பார்க்கலாம். நீலத் திரையே வராமல் நேராக அணைந்தால் கரண்ட், சூடு பக்கம் போக வேண்டும். ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பதிவாகும். அது முறையாக அணையவில்லை என்று மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.
நோட்டில்: நீலத் திரை இல்லை.

2. வீட்டுக் கரண்ட்டும் யுபிஎஸ்ஸும்

சாயங்காலம் மோட்டார் எல்லாம் ஓடும்போது ஊரில் வோல்டேஜ் இறங்கும். அப்போது யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும். பேட்டரி பழசு என்றால் அந்த நொடியே கம்ப்யூட்டர் விழுந்துவிடும். அதனால் யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி, பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம்.
நோட்டில்: இரண்டு நேரமும் ரீஸ்டார்ட்.

3. சூடு

பிராசஸர் அதிகம் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல பிராசஸர்களில் இது 100 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் நடக்கும். அதையும் தாண்டினால் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். எங்களுடையது 74 டிகிரி காட்டியது. ஹீட் சிங்க்கில் பஞ்சு மாதிரி தூசி அடைத்திருந்தது. ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுசா ஒரு பட்டாணி அளவு வைத்தோம்.
நோட்டில்: 66 டிகிரிக்கு இறங்கியது. ஆனாலும் ரீஸ்டார்ட்.

4. ரேம்

ரேமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி மாட்டினோம். பிறகு மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டோம்.
நோட்டில்: பிழை 0.

5. தனியாக, சேர்த்து

இந்தச் சோதனைதான் ரொம்ப முக்கியம். பிராசஸருக்கு மட்டும் முழு வேலை கொடுக்க ப்ரைம்95 என்ற புரோகிராம் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் கொடுக்க ஃபர்மார்க் இருக்கிறது.

ப்ரைம்95 மட்டும்: 1 மணி நேரம், ஒன்றும் ஆகவில்லை.
ஃபர்மார்க் மட்டும்: 15 நிமிடம், ஒன்றும் ஆகவில்லை.
இரண்டும் சேர்த்து: 40 நொடியில் ரீஸ்டார்ட்!

இதிலிருந்து என்ன புரிகிறது? பிராசஸரும் நல்லாத்தான் இருக்கிறது, கார்டும் நல்லாத்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கேட்கும் கரண்ட்டைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கொடுப்பது எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. தெருக்குழாயை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பிடித்தால் தண்ணீர் வேகமா வரும். எல்லாரும் திறந்தால் கடைசி வீட்டுக் குடத்தில் நூல் மாதிரி விழும்.

பெரிய எண்ணும் சின்னக் கட்டமும்

எங்கள் எஸ்.எம்.பி.எஸ். ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து வந்தது. மேலே பெரிசா '450 வாட்' என்று போட்டிருந்தது. ஆனா பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்று இருந்தது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பாடத்தில் படித்த கணக்கைப் போடுவோம்.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்
12 × 16 = 192 வாட்

பிராசஸர் (ஐ5 6500) 65 வாட், கார்டு (ஜிடிஎக்ஸ் 1060) 120 வாட். இரண்டும் சேர்ந்தாலே 185. ஹார்ட் டிஸ்க்கும் ஃபேன்களும் சேர்ந்தால் 192-ஐத் தாண்டிவிடும். போதாததற்கு, கார்டு சில கணங்கள் தன் அளவைவிட அதிகமாகவும் இழுக்கும்.

அண்ணன் மல்டிமீட்டரை மஞ்சள் வயரிலும் கறுப்பு வயரிலும் வைத்துப் பார்த்தார். சும்மா இருக்கும்போது 12.0 வோல்ட். வேலை ஏறியதும் 11.3. இது 5 சதவீதம்தான் ஏறி இறங்கலாம், அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது.

சரி, ஏன் அணைந்தே போகாமல் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது? எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்து சாம்பல் நிற வயர் ஒன்று மதர்போர்டுக்கு வரும். 'கரண்ட் சரியா இருக்கு' என்று சொல்வது அதன் வேலை. இதன் பெயர் பவர் குட் சிக்னல். வோல்டேஜ் கெட்டுப்போனால் இந்த சிக்னல் நின்றுவிடும், மதர்போர்டு எல்லாத்தையும் நிறுத்தும். நிறுத்தியதும் பாரம் குறையும், வோல்டேஜ் சரியாகும், சிக்னல் திரும்ப வரும், கம்ப்யூட்டரும் எழுந்துகொள்ளும்.

முடிவு

அண்ணனின் நண்பரிடம் ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்கி மாட்டினோம். இரண்டு சோதனையும் சேர்த்து 2 மணி நேரம் ஓடியது, அசையவே இல்லை. அதற்குப் பிறகுதான் காசு கொடுத்துப் புதுசு வாங்கினோம். விலை 2,400 ரூபாய். அதன் மேலேயும் '450 வாட்' என்றுதான் போட்டிருக்கிறது! ஆனா சின்னக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர். அதாவது 432 வாட். மதர்போர்டும் பிராசஸரும் பழசேதான், இன்றைக்கும் ஓடுகின்றன. அம்மாவுக்கு 7,100 ரூபாய் மிச்சம்.

கவனம்!

* எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மாறுமின்னோட்டம் உள்ளே சுமார் 325 வோல்ட் நேர்மின்னோட்டமாகிக் கெப்பாசிட்டரில் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கலாம்.
* பாகத்தைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கணும். பெரியவர் ஒருவர் கூட இருக்கணும்.
* மல்டிமீட்டரின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று உரசக் கூடாது.
* மதர்போர்டில் உச்சி உப்பிய கெப்பாசிட்டர் தெரிந்தால் அதுவும் ரீஸ்டார்ட்டுக்குக் காரணமாகலாம்.

உங்களுக்குத் தெரியுமா?

ப்ரைம்95 கம்ப்யூட்டரைச் சோதிக்க எழுதப்பட்டது அல்ல. 3, 7, 31, 127 போல, 2-இன் அடுக்கில் இருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் பகா எண்களைத் தேட 1996-இல் தொடங்கிய முயற்சிக்காக வந்தது. இவற்றுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 2024 அக்டோபரில் கண்டுபிடித்த இவ்வகை எண்ணில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள்!

யோசித்துச் சொல்லுங்கள்

ஒரு எஸ்.எம்.பி.எஸ். கட்டத்தில் 12 வோல்ட், 20 ஆம்பியர் என்று இருக்கிறது. பிராசஸர் 95 வாட், கார்டு 150 வாட். தாங்குமா, தாங்காதா? கணக்கோடு எழுதிப் பெட்டியில் போடுங்கள். விடை அடுத்த இதழில்.

யாராவது "எல்லாத்தையும் மாத்தணும்" என்று சொன்னால் பயப்படாதீர்கள். "எதைச் சோதிச்சுப் பாத்தீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி