கரிசலைத் தீட்டப் புறப்படும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

விடுமுறையில் நம் ஊர்ப்புறத்தை நீர்வர்ணத்திலும் குவாஷ் என்னும் மறைப்பு வர்ணத்திலும் தீட்ட விரும்புவதாகவும், அதற்கு வேண்டிய சாமான்கள் எவையென்றும் கேட்டு நீ எழுதிய கடிதம் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். கடையில் வரிசையாக அடுக்கிய வர்ணங்களைக் கண்டு மயங்காமல், நீ தீட்டப்போகும் பூமி எதைக் கேட்கிறதோ அதை மட்டும் சேர்த்துக்கொள் என்பதே என் அபிப்பிராயம்.

சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலைகள் எழுதி, பின்னர் கோவில்பட்டியில் தங்கி 1976ஆம் ஆண்டில் மறைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வப் படங்கள், சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி நம் வீட்டுச் சுவர்களை அலங்கரித்தன. அத்தகைய படங்களில் தெய்வத்தின் பின்னே தோன்றும் மலையும் தடாகமும் பெரும்பாலும் கற்பனையில் பிறந்தவை. நீ எடுத்துக்கொண்டதோ, கண்ணெதிரே வெயிலில் கிடக்கும் நிலம்.

முதலில் காகிதம். சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காகிதத்துக்கு என்ன பஞ்சம் என்று நினைக்காதே. அச்சகத்து ஆர்ட் பேப்பர் மேற்பூச்சு உடையதாதலால் நீரைச் சரிவர உறிஞ்சாது. மேப்லித்தோ என்னும் அச்சுத்தாளோ நனைந்தவுடன் நெளிந்துவிடும். நீர்வர்ணத்தில் மெல்லிய வர்ணப் படலத்தை ஊடுருவிச் சென்ற ஒளி, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்புவதனால்தான் சித்திரம் பிரகாசிக்கிறது. ஆதலால் தாளின் தரமே சித்திரத்தின் தரம். நம் கரிசல் காலங்காலமாக விளைவித்துவரும் பருத்தியின் நாரினாலேயே முழுதும் செய்யப்பட்ட, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் உத்தமமானது. விலை அதிகமாதலால் முழுத்தாளாக வாங்கி எட்டாகக் கிழித்துக்கொள். காலண்டரின் பின்னட்டையாகும் சாம்பல்நிற அட்டை, தாளை ஒட்டிவைக்கும் பலகையாகவும் குவாஷ் பழகவும் உதவும்; ஆனால் நாளடைவில் நிறம் மாறுமாதலால், பாதுகாக்க வேண்டிய படத்தை அதில் எழுதாதே.

வர்ணங்களில் லெமன் எல்லோ, எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, ஒரு சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், குவாஷ் வெள்ளை ஆகிய ஆறும் போதும். 1931இல் பம்பாயில் தொடங்கிய கேம்லின் நிறுவனத்தாரின் கேமல் வர்ணங்களே ஆரம்பத்துக்குத் தக்கவை. கறுப்பை வாங்காதே. அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் கரிசல் மண் தானே பிறக்கும்: நீலம் மிகுந்தால் மழையில் நனைந்த மண், சியன்னா மிகுந்தால் கோடையில் வெடித்த மண். பச்சையும் வேண்டாம், ஆக்கரோடு நீலம் சேர்ந்தால் வரும் மங்கிய பச்சையே உடைமரத்துக்குப் பொருத்தமானது.

குவாஷுக்கும் நீர்வர்ணத்துக்கும் பிசின் ஒன்றே. அது கருவேல இனத்து மரங்கள் தருவது. நம் கண்மாய்க்கரைக் கருவேலமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. குவாஷில் வர்ணத்தூள் மிகுதியாதலால் அது கீழுள்ளதை மறைக்கும். ஆகையால் கரிய நிலத்தை முதலில் தீட்டிவிட்டு, பட்டாசு ஆலைகளில் இடைவெளிவிட்டுக் கட்டிய சிற்றறைகளின் சுண்ணாம்புச் சுவர்களையும், கண்மாயில் இறங்கும் கொக்குகளையும் பின்னர் அதன்மேல் வைக்கலாம். காயும்போது குவாஷின் வெளிர்நிறம் சற்றுக் கறுக்கும், அடர்நிறம் சற்று வெளுக்கும். துண்டுத்தாளில் சோதித்த பின்பே இடு. ஆலைகளைச் சாலையிலிருந்தே பார்த்து எழுது. அனுமதியின்றி உள்ளே கால்வைக்காதே.

தூரிகைகள் மூன்று: பெரிய உருண்டை ஒன்று, சிறிய உருண்டை ஒன்று, ஓரங்குலப் பட்டை ஒன்று. தூரிகையை வாயில் வைத்து நுனி கூட்டும் பழக்கம் கூடாது. காட்மியம் போன்ற சில வர்ணங்கள் நஞ்சுடையவை. கழுவ ஒன்றும் கலக்க ஒன்றுமாக நீர்ப்பாத்திரம் இரண்டு கொண்டுபோ. குடை கறுப்பாக இருக்கட்டும். வர்ணக் குடையின் நிழல் தாளில் விழுந்து கண்ணை ஏமாற்றும்.

சித்திரை வெயிலில் வர்ணம் பரவுமுன்னே உலர்ந்துவிடுமாதலால், விடியற்காலையில் அமர்ந்து, தாளை இருபுறமும் நனைத்துத் தொடங்கு. அவ்வாறும் இயலாதபோது பென்சிலால் வரைந்து நிறங்களைக் குறித்துக்கொண்டு வீட்டில் முடிப்பதில் இழுக்கொன்றுமில்லை. 1792இல் தென்னாட்டுக்கு வந்து பாபநாசம் அருவியை வரைந்த தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும், வழியெங்கும் எழுதிய சித்திரங்களைக்கொண்டே பின்னர் லண்டனில் தம் பெரிய அச்சுப்படங்களை உருவாக்கினார்கள்.

இவ்வளவோடு புறப்படு. எந்தச் சாமான் இல்லாமல் உன் கை மீண்டும் மீண்டும் தடைப்படுகிறதோ, அதை மட்டும் அடுத்தமுறை வாங்கு. அப்படிச் சேரும் பெட்டியில் தேவையற்றது ஒன்றும் இராது.

இங்ஙனம்,
உன் அன்பு மாமா