வாயிற்காவலரை அனுப்பிவிடலாமா?

நம் பள்ளி வாயிலில் அனுமதிச் சீட்டு இல்லாத எவரையும் காவலர் உள்ளே விடுவதில்லை. கணினிக்கும் இத்தகைய காவல் ஒன்று உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கணினியை இயக்கியவுடன் முதலில் விழிப்பது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஃபர்ம்வேர் என்னும் நிலைபொருளே. அதுதான் விண்டோஸை எழுப்புகிறது. எழுப்புமுன், துவக்க நிரலின் மின்கையொப்பத்தை அது சரிபார்ப்பதே 'செக்யூர் பூட்' என்னும் காவல். 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது இது பரவலாயிற்று. விண்டோஸ் விழிக்குமுன்பே தீய நிரல் ஒன்று நுழைந்துவிட்டால், பின்னர் விழிக்கும் வைரஸ் தடுப்பு நிரலால் அதனை எளிதில் கண்டுபிடிக்க இயலாது. ஆகவே இக்காவல் இன்றியமையாதது.

விண்டோஸுடன் லினக்ஸையும் நிறுவ விரும்புவோர் பலர், முதல் வேலையாக இக்காவலை நிறுத்திவிடுகின்றனர். விருந்தினர் ஒருவருக்காக வாயிற்காவலரையே அனுப்பிவிடுவது போன்றதன்றோ இது! அதற்குத் தேவையே இல்லை. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகியவை 'ஷிம்' என்னும் சிறு நிரலுடன் வருகின்றன. அதில் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் இருப்பதால் காவல் அதனை ஏற்கிறது. ஷிம், தனக்கு அடுத்து வரும் 'கிரப்' என்னும் துவக்க நிரலைச் சரிபார்க்கிறது. அதன் பின்னரே லினக்ஸ் எழுகிறது.

கையொப்பம் பெற்றவற்றிலும் குறை இருக்கலாம். 2020-இல் கிரப்பில் 'பூட்ஹோல்' என்னும் ஓட்டை கண்டறியப்பட்டது. எனவே காவலிடம் விலக்கப்பட்டோர் பட்டியலும் உண்டு. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பழைய துவக்க நிரல்களை விலக்கியது. அதனால் இரு இயக்க முறைமைகள் கொண்ட கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழவில்லை. காவலைச் சற்றே நிறுத்திச் சரிசெய்தவர்கள், அதனை மீண்டும் இயக்கிக்கொள்ள முடிந்தது.

ஆதலால் லினக்ஸை நிறுவுமுன் நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்தல். இரண்டாவது, பிட்லாக்கரின் மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்தல். ஏனெனில், காவலின் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் அதனைக் கேட்கக்கூடும். மூன்றாவது, லினக்ஸின் புதிய பதிப்பையே தேர்ந்தெடுத்தல். விவிலியத்தில் வரும் முன்மதியுள்ள கன்னியர் எண்ணெயை முன்னரே கொண்டு சென்றனர். திறவுகோலை இழந்த பின் தேடிப் பயனில்லை.

காவலைத் தொல்லை என்று எண்ணாது, அதன் வேலையை அறிந்துகொள்வோம். அறிந்தவருக்கே கதவைத் திறக்கவும் தெரியும், அடைக்கவும் தெரியும்.