‘மேயா குல்பா’: குற்றம் ஒப்புதலும் பிரதிக்கிரமணமும்

தம் தவற்றைத் தாமே ஒப்புக்கொள்வோர் ‘மேயா குல்பா’ என்று கூறுவதை ஆங்கில இதழ்களில் காண்கிறோம். இஃது இலத்தீன் தொடர். ‘மேயா’ என்பது ‘என்னுடைய’ எனவும், ‘குல்பா’ என்பது ‘குற்றம்’ எனவும் பொருள்படும். இங்கு இவ்விரு சொற்களும் நம் மூன்றாம் வேற்றுமையை ஒத்த உருபேற்று நிற்றலால், ‘என் குற்றத்தால்’ என்பதே நேர்பொருளாகும். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று காலத்தின்மீதோ பிறர்மீதோ பழி சாற்ற இத்தொடரில் இடமில்லை. குற்றவாளியைக் குறிக்கும் ‘கல்ப்ரிட்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலும் ‘குல்பா’வின் அடி உண்டு.

இத்தொடர் கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் சொல்லப்படும் பாவ அறிக்கையிலிருந்து பிறந்தது. 1570இல் வெளியான உரோமைத் திருப்பலி நூலின்படி, இதனை மும்முறை கூறி, மும்முறையும் மார்பில் தட்டிக்கொள்வர். மூன்றாம் முறை ‘மாக்சிமா’, அதாவது ‘மிகப் பெரிய’ என்னும் அடைமொழி சேரும். குற்றம் பிறந்த இடம் தன் நெஞ்சமே என்பதை அச்செயல் உணர்த்தும்.

நம் சமயத்தில் இதற்கு இணையாக நிற்பது ‘மித்யா மே துஷ்கிருதம்’ என்பது. ‘என் தீச்செயல் பொய்யாகுக’ என்பது இதன் பொருள். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் இறைவனின் மன்னிப்பை வேண்டுகின்றனர். நம் கொள்கையில் வினையை மன்னித்து நீக்குவார் எவருமிலர். உயிர் தானே குற்றத்தினின்றும் மீளவேண்டும். பிரதிக்கிரமணம் என்னும் சொல்லுக்கே ‘மீண்டு வருதல்’ என்பது பொருள்.

தத்துவார்த்த சூத்திரம் அகத்தவம் ஆறனுள் பிராயச்சித்தத்தை முதலில் வைத்து, அதனை 9 வகையாக்குகிறது. அவற்றுள் முதலாவது ஆலோசனை; இரண்டாவது பிரதிக்கிரமணம். ஆலோசனையாவது, செய்த குற்றத்தைக் குருவிடம் மறையாது உரைத்தல். அதற்குரிய குற்றங்கள் 10 என்பர் ஆசாரியர். பிறர் கண்ட தவற்றை மட்டும் கூறுதல், சிறியதைச் சொல்லிப் பெரியதை மறைத்தல், ஆரவாரத்திடையே குருவின் செவியில் தெளிவாக விழாதவாறு கூறுதல் ஆகியவை அவற்றுட் சில.

இவற்றை எண்ணிப் பார்த்தால், ஒப்புக்கொள்ளும் சொல்லே குற்றத்தை மறைக்கும் திரையாகிவிடக் கூடும் என்பது விளங்கும். ‘மேயா குல்பா’ இன்று வேடிக்கைப் பேச்சிலும் வழங்குகிறது. தசலட்சண பருவத்தின் நிறைவில் நாம் கேட்கும் மன்னிப்பும் வெறும் வழக்கமாகிவிடலாகாது. நம்மால் மனம் நொந்தவரை நேரிற் கண்டு, இன்ன செயலுக்காக என்று எடுத்துரைத்து, அதனை மீண்டும் செய்யாது ஒழுகுவதே சாவகர்க்குரிய நெறியாகும்.