மலை இறங்க வேண்டிய முழங்கால்

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் இயன்மருத்துவத் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், முழங்காலின் முன் சிலுவைச் சவ்வு (ACL) கிழிந்தவர்களைப் பற்றி.

1. எந்த நாணை எடுத்துப் புதுச் சவ்வு கட்டுவது என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் தீர்மானிப்பார். நோயாளியின் கால் நாளெல்லாம் என்ன செய்கிறது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். துண்டில் வெறுமனே "தோட்ட வேலை" என்று எழுதாதீர்கள். கொழுந்து எடுக்கிறாரா, கவ்வாத்து வெட்டுகிறாரா, எத்தனை கிலோவோடு சரிவில் இறங்குகிறார், லயத்துக்கு எத்தனை படி, மலசலகூடத்தில் குந்த வேண்டுமா? எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள்.

2. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணை இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பார்கள். எலும்போடு எலும்பு சீக்கிரம் ஒட்டும். பந்தாடும் பையனுக்கு நல்லது. ஆனால் முழந்தாளிட்டால் பலருக்கு வலி நீடிக்கும். மாதா முன் முழந்தாளிடும் அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

3. தொடையின் பின்பக்க நாணில் அந்த வலி குறைவு. எலும்புக் குழிக்குள் பிடிக்க நாள் கூடும், காலை ஆழமாக மடக்கும் பலம் கொஞ்சம் குறையும். மடித்த நாண் 8 மில்லிமீற்றருக்கும் மெலிந்தால் மறுபடி அறும் அபாயம் ஏறும். குள்ளமான, ஒல்லியான பெண்களிடம் நாண் மெலிவாகவே கிடைக்கும்.

4. தொடையின் முன்பக்க நாண் தடிப்பானது. எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஆனால் மலை இறங்கும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடைத் தசைதான், அது பலம் பெறத் தாமதமாகும். இதைத் தெரிவு செய்தால், படி இறங்கும் பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள்.

5. கணுக்கால் பக்க நாணை எடுத்தால் முழங்காலில் வேறு தசை கெடாது. பெரிய குறை இல்லை என்கிறார்கள். ஆனாலும் ஈரச் சரிவில் ஒருக்களித்து நிற்பவருக்கு அதை எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இறந்தவரிடமிருந்து பெறும் நாண் இளையவர்களில் கூடுதலாக அறுகிறது.

6. எல்லோருக்கும் கத்தி வேண்டாம். 2010இல் வெளியான சுவீடன் ஆய்வில், முதலில் பயிற்சி செய்து பார்த்த இளையவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டுவரை சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை.

7. எந்த நாணானாலும் முதல் மாதங்களில் அது பலவீனப்பட்டுத்தான் பிறகு தேறும். வலி போனதும் பெண்கள் கூடையை மாட்டிவிடுவார்கள்; நாட்சம்பளம் அப்படித் துரத்துகிறது. 9 மாதத்துக்கு முன் பந்தும் வேண்டாம், செங்குத்து மலையும் வேண்டாம். ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலையோ மட்டமான மலையோ கொடுக்கும்படி தோட்டத் துரைக்குக் கடிதம் எழுதி, வைத்தியரிடம் கையெழுத்து வாங்கி, வீட்டுக்குப் போகும் அன்றே நோயாளியின் கையில் கொடுங்கள்.