டிக்கட்டில் இருப்பது எந்த ஊர் நேரம்?

குவாங்சோ கண்காட்சிக்கு முதன்முறையாகப் புறப்படும் நமது இளம் வியாபாரிகள் டிக்கட்டை நீட்டி, "நானா, எத்தனை மணித்தியாலம் பறக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். விடை டிக்கட்டிலேயே இருக்கிறது. ஆனால் நேராகக் கழித்தால் கணக்குப் பிழைத்துவிடும்.

கட்டுநாயக்கவில் அதிகாலை 1 மணிக்குப் புறப்படும் விமானம் குவாங்சோவில் காலை 9 மணிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மணித்தியாலம் போலத் தோன்றும். புறப்படும் நேரம் நமது நேரம்; இறங்கும் நேரம் சீன நேரம். சீனா நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அதைக் கழித்தால் பயணம் ஐந்தரை மணித்தியாலமே. திரும்பும்போது கூட்ட வேண்டும். அங்கே பகல் 12க்கு ஏறி இங்கே 3.30க்கு இறங்கினால், பறந்தது மூன்றரை அல்ல, ஆறு மணித்தியாலம். (1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை நமது கடிகாரம் அரை மணித்தியாலம் முன்னே இருந்தது. அப்போது வித்தியாசம் இரண்டு மணித்தியாலம். பழைய ஆட்கள் சிலர் இன்னும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள்.)

ஒரே வழி, போக ஒரு நேரம், வர ஒரு நேரமா? உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாகக் காற்று வீசும். போகும்போது அது பின்னால் தள்ளும்; வரும்போது முகத்தில் அடிக்கும். குளிர்காலத்தில் இது இன்னும் கூடும்.

டிக்கட் இல்லாமலும் மதிப்பிடலாம். கொழும்பு - குவாங்சோ நேர்தூரம் சுமார் 4,000 கிலோமீற்றர். பெரிய விமானம் மணித்தியாலத்துக்குச் சுமார் 900 கிலோமீற்றர் ஓடும். தூரத்தை 900ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊர்ந்து செல்லவும் ஒரு மணித்தியாலம் சேருங்கள். ஐந்தரை வந்துவிடும். லண்டன் 8,700 கிலோமீற்றர். இதே கணக்கில் பத்தரைக்கு மேல். அங்கே போகும்போது எதிர்க்காற்று என்பதால் 11ஐத் தாண்டும்.

இனி மலிவு டிக்கட் விஷயம். கோலாலம்பூர் வழியாகப் போனால் தூரம் சுமார் 5,100 கிலோமீற்றர். இரண்டு முறை ஏறி இறங்குவதையும் சேர்த்தால் கூடுதல் பறப்பு இரண்டேகால் மணித்தியாலம்தான், அது பெரிதல்ல. அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம்தான் ஆளைத் தின்னும். கண்காட்சியின் ஒவ்வொரு கட்டமும் 5 நாட்களே. இரவு முழுக்க நாற்காலியில் குந்தியிருந்து, பகல் போய்ச் சேர்ந்து, ஹொட்டலில் தூங்கி எழுந்தால் ஐந்தில் ஒன்று போய்விடும். டிக்கட்டில் மிச்சம் பிடித்ததையும், அந்த ஒரு நாளின் ஹொட்டல் வாடகையையும், பார்க்காமல் விட்ட கடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நேர் விமானத்தில் போனாலும் இறங்கிய காலையிலேயே தொழிற்சாலைக்காரருக்கு நேரம் கொடுக்காதீர்கள். குடிவரவு வரிசை இருக்கிறது, பொதி எடுக்க வேண்டும், விமான நிலையம் நகருக்கு வடக்கே, கண்காட்சி மண்டபம் தெற்குப் பக்கம். பிற்பகல் என்று சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் இந்த இரண்டரை மணித்தியாலம் விடாது. புறக்கோட்டையில் 9.30க்கு நாம் கடையில் உட்கார்ந்து தொலைபேசியை எடுக்கும்போது அங்கே பகல் 12, சாப்பிடப் போயிருப்பார்கள். அவர்கள் மாலை 5.30க்கு மூடினால் நமக்கு 3 மணி. ஓடர் பேச நல்ல நேரம் காலை 8க்கு முன்பின்.