கணினி மேகமும் கண்விழித்த காவலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

“சர்வர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள்.”

இச்சொற்களைக் கேளாத மாணவர் நம் கல்லூரியில் ஒருவரும் இரார். நானும் ஒருநாள் கேட்டேன். ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்ற அன்றே கடைசி நாள். ஓ.டி.பி. எண் அம்மாவின் கைபேசிக்குத்தான் வரும். ஆகவே கோழிப்பண்ணை வேலையையும் ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு, அம்மா என்னோடு கணினி மையத்தில் காத்திருந்தார். காலை 10 மணிக்குப் போனோம். மாலை 6 மணிக்குத்தான் விண்ணப்பம் ஏறியது. எந்த விண்ணப்பம், எவருடைய தளம் என்பதெல்லாம் இங்கே வேண்டியதில்லை. லாரி ஓட்டுநரான அப்பா வழியிலிருந்து கைபேசியில் கேட்ட கேள்விதான் வேண்டியது: “ஏங் கண்ணு, அதையெல்லாம் முன்னாடியே தட்டிப் பாக்க ஆளே இல்லியா?”

அக்கேள்விக்கு விடை தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

ஒரு வண்டி, பல சரக்கு

முன்பெல்லாம் ஒரு நிறுவனம் கணக்குக்கு ஒரு சர்வர், அஞ்சலுக்கு ஒரு சர்வர், இணையதளத்திற்கு ஒரு சர்வர் என வாங்கி வைக்கும். ஒவ்வொன்றும் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும். ஆனால் மின்சாரமும் குளிரூட்டலும் குறையா. இவ்வீணைத் தவிர்க்க வந்ததே மெய்நிகராக்கம். ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள், ஒரே இயந்திரத்தின் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டுப் பல மெய்நிகர் கணினிகளை இயக்குகிறது. ஒவ்வொன்றும் தனி இயக்கமுறைமையுடன், தான் மட்டுமே இருப்பதாக எண்ணி வேலை செய்கிறது. பத்து வணிகரின் சரக்கை, பத்துத் தனிச் சீட்டுகளுடன் ஒரே பார்சல் லாரி ஏற்றிச் செல்வதைப் போன்றது இது.

இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே ஆராய்ந்து, 1972இல் வி.எம்./370 என்னும் பெயரில் வெளியிட்டது. 1998இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம் இதைச் சாதாரணக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் எல்லாச் சரக்கும் தாமதமாகும். அச்சு முறிந்தால் பத்து வணிகரின் சரக்கும் நடுவழியில் நிற்கும். ஆகவே மெய்நிகராக்கம் செலவைக் குறைக்கிறது. கவனிக்கும் பொறுப்பையோ கூட்டுகிறது.

ஊர்ப் பெயரில் ஒரு பாடம்

என் ஊர் புதுச்சத்திரம், சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் இருக்கிறது. வழிப்போக்கன் தங்கும் ஊர்தோறும் வீடு கட்டிக்கொள்வதில்லை; சத்திரத்தில் ஓரிரவு தங்கிவிட்டுப் போகிறான். மேகக் கணிமையும் அவ்வாறே. வேண்டியபோது வேண்டிய அளவு கணினி ஆற்றலை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் விட்டுவிடலாம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நூறு கணினி, மறுநாள் இரண்டே கணினி. சத்திரத்தில் வாடகை இல்லை. இங்கே மீட்டர் ஓடும் என்பதே வேறுபாடு. அமேசான் நிறுவனம் 2006இல் இவ்வாறு வாடகைக்கு விடத் தொடங்கியது. இந்திய அரசு தன் மேகத் திட்டத்திற்கு மேகராஜ் எனப் பெயரிட்டு, 2014இல் தேசிய மேகத்தைத் தொடங்கியது. நம் மாநில அரசின் தரவு மையம் சென்னைப் பெருங்குடியில் இருக்கிறது. அதை நடத்துவது 1977இல் நிறுவப்பட்ட எல்காட்.

எனவே, மேகம் வானில் இல்லை. அது கட்டடம், மின்சாரம், ஜெனரேட்டர், குளிரூட்டி, கேபிள் ஆகியவற்றோடு தரையில்தான் இருக்கிறது. தரையில் இருப்பது எதுவும் பழுதாகும்.

தட்டிப் பார்த்தல்

வண்டி எடுக்குமுன் அப்பா ஓர் இரும்புக் கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். சத்தத்தைக் கொண்டே காற்றின் அளவை அறிவார். கணினி உலகில் இதையே கண்காணிப்பு என்கிறோம். இதற்கான எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை 1988இல் வந்தது. ஒவ்வொரு கருவியிலும் முகவர் எனப்படும் சிறு மென்பொருள் இருக்கும். மைய நிலையம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, “வெப்பம் எவ்வளவு? வட்டில் இடம் எவ்வளவு?” என்று கேட்கும். அவசரம் நேர்ந்தால் முகவரே முந்திக்கொண்டு செய்தி அனுப்பும்.

விடையைப் பெறுவதோடு வேலை முடிவதில்லை. வட்டு நூற்றுக்கு 80 நிரம்பியிருப்பது இன்று குற்றமன்று. ஆனால் நாளுக்கு 2 வீதம் ஏறுமாயின், பத்தாம் நாள் சர்வர் நின்றுவிடும். இதை இன்றே கண்டுகொள்வதுதான் கண்காணிப்பு. அன்றியும், ஓர் இணைப்புக் கருவி பழுதானால் அதன் பின்னுள்ள ஐம்பது கணினிகளும் மௌனமாகும். அப்போது ஐம்பது எச்சரிக்கை ஒலித்தால் காவலர் குழம்பிப் போவார். மூலகாரணமான ஒன்றே ஒலிக்க வேண்டும்.

இத்துறையில் தமிழர் பங்கு சிறிதன்று. 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனத்தின் சென்னைப் பொறியாளர்கள் முதன்முதலில் எழுதியது, பிணையங்களை மேலாண்மை செய்யும் மென்பொருளையே. 2009இல் அந்நிறுவனம் ஜோஹோ எனப் பெயர் மாறியது. அதன் பிரிவான மேனேஜ்எஞ்சின், கண்காணிப்புக் கருவிகளை உலகெங்கும் விற்கிறது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் அந்நிறுவனத்தின் அலுவலகம் நடக்கிறது. சிற்றூரிலிருந்து வரும் நமக்கு இது ஊக்கமளிக்கும் செய்தியன்றோ?

இரட்டை டயரின் ஏமாற்று

லாரியின் பின்புறம் டயர்கள் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்றில் காற்று இறங்கினாலும் மற்றது தாங்கும், வண்டி ஓடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் நலமே. ஆனால் இருவர் சுமையை ஒருவனாகச் சுமக்கும் அந்த டயர் சூடேறி வெடிக்கும். அன்று இரண்டும் போகும்.

தரவு மையத்திலும் வட்டுக்கு மாற்று வட்டு, மின்சாரத்திற்கு மாற்று மின்சாரம் உண்டு. முதல் பழுதை மாற்று ஏற்பாடு மறைத்துவிடுகிறது; எவரும் தட்டிப் பார்க்காவிட்டால் இரண்டாம் பழுதுதான் கண்ணுக்குத் தெரியும். மாற்று ஏற்பாடு மட்டும் காவலாகாது. நான் படித்தவற்றுள் தலையாயது இதுவே.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தது. தரவின் நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் ஃபேஸ்புக்கின் தரவு மையங்களுக்கிடையே இருந்த இணைப்பு அறுந்தது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் பிழை இருந்தது. பழுது பார்க்கும் உள்கருவிகளும் அதே பிணையத்தை நம்பியிருந்தமையால், மீள ஏறத்தாழ 6 மணி நேரம் ஆயிற்று. நகலை ஒரே கூரையின் கீழ் வைக்காதே; சாவியைப் பூட்டிய வீட்டுக்குள் வைக்காதே என்பன இவை தரும் பாடங்கள்.

முடிவுரை

“எங்கள் சேவை நூற்றுக்கு 99.9 நேரம் கிடைக்கும்” என்று நிறுவனங்கள் உறுதி கூறுவதுண்டு. மிக உயர்வாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 8 மணி 45 நிமிடம். நானும் அம்மாவும் காத்திருந்தது 8 மணி நேரம். அதாவது, அந்த ஒரு நாள் முழுவதும் போயிருந்தாலும் உறுதிமொழி பொய்க்காது! அந்த எட்டு மணி நேரம் எந்த நாளில், யார் தலையில் விழுகிறது என்பதைச் சதவீதம் சொல்வதில்லை. சொந்தக் கணினி உள்ளவர் நள்ளிரவில் மீண்டும் முயலலாம். கூலியை விட்டு வந்தவருக்கு அது முடியாது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்ன வேலைக்குப் படிக்கிறாய் என்று அப்பா கேட்கும்போதெல்லாம் விளக்கத் தெரியாமல் விழித்ததுண்டு. இப்போது சொல்லிவிட்டேன்: “தட்டிப் பாக்கற வேலைங்கப்பா.”

“அப்படின்னா ராத்திரி முழிக்கோணுமே” என்றார்.

முழிப்பேன்.