ஹனோய் ரோட்டில் வண்டிகள் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: நானும் என் தோழியும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு வியட்நாமின் ஹனோய் நகருக்குப் போய் வந்தோம். முதல் நாளே எங்களை மிரட்டியது ரோடுதான். ஹோவான் கியம் ஏரிக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஸ்கூட்டர்கள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒன்றும் நிற்கவில்லை. ஒரு பாட்டி கூடையோடு சர்வசாதாரணமாக இறங்கி நடந்தார். எல்லா வண்டியும் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. நாங்கள் கைகோத்துக்கொண்டு இறங்கினால் மட்டும் பிரேக், ஹாரன். வெளியூர்க்காரர்கள் என்று தெரிந்துதான் இப்படிச் செய்கிறார்களா?
— வாசகி, திருச்சி

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள், சகோதரி. அந்தப் பாட்டியைக் கவனித்ததிலேயே பாதி விடையைப் பிடித்துவிட்டீர்கள்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளிவைப்போம். அங்கே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நிதானம் கிடையாது, கடக்கிறவர்கள் ஏதோ அதிர்ஷ்டத்தில் பிழைக்கிறார்கள் என்றுதான் முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அந்த ஓட்டத்தில் வருகிற ஒவ்வொருவரும் உங்களைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறார். பார்த்ததும் வண்டியை நிறுத்துவதில்லை, வளைக்கிறார். ஹாரனும் பெரும்பாலும் கோபத்தில் அடிப்பதல்ல. 'இங்கே வருகிறேன்' என்ற தகவல், அவ்வளவுதான்.

நம் ஊரில் ரோட்டைக் கடக்கும்போது என்ன செய்கிறோம்? ஓரமாக நிற்கிறோம், இரண்டு வண்டிகளுக்கு நடுவே போதிய இடம் தெரிந்ததும் விறுவிறுவென்று தாண்டுகிறோம். போக்குவரத்துப் பொறியாளர்கள் இதை 'இடைவெளி ஏற்பு' என்பார்கள். அதாவது, எந்த இடைவெளி நமக்குப் போதும் என்று நாமே முடிவுசெய்வது. நீங்கள் இருவரும் காத்து நின்றது அப்படியொரு இடைவெளிக்குத்தான். பத்துக் கோடிப் பேர் உள்ள நாட்டில் 7 கோடிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்கள் பதிவாகியிருக்கின்றன. ஹனோயின் பழைய நகர்த் தெருக்களோ குறுகலானவை. நடைபாதையில் வண்டிகள் நிற்கும், மீதி இடத்தில் குட்டிப் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு நூடுல்ஸ் விற்பார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் பகல் நேரத்தில் இடைவெளி தானாக வராது. நடக்கிறவர்தான் அதை உண்டாக்க வேண்டும்.

எப்படி என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். ஒரு ஸ்கூட்டர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். நொடிக்கு ஐந்தரை மீட்டர். உங்களிடமிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால், வந்து சேரக் கிட்டத்தட்ட 3 நொடி ஆகும். நீங்கள் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் அதற்குள் 3 மீட்டர் நகர்ந்திருப்பீர்கள். ஸ்கூட்டருக்கு ஒரு மீட்டர் அகலம் இருந்தால் தாராளம். ஆகவே ஓட்டுகிறவர் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தை நோக்கியே வண்டியை விடுவார். நேராக உங்கள் மேல் வருவதுபோலத்தான் தோன்றும். அவர் குறிவைப்பது நீங்கள் காலி செய்யப்போகிற இடத்தை.

இப்போது அந்த நொடியில் பயந்து நின்றுவிட்டால் என்ன ஆகும்? காலியாக வேண்டிய இடத்தில் நீங்களே நிற்பீர்கள். ஓரடி பின்வாங்கினால் இன்னும் மோசம். அவருடைய அடுத்த கணக்கையும் கெடுத்துவிடுவீர்கள். ஓடினாலும் இதே கதைதான். நீங்கள் கேட்ட பிரேக் சத்தம் எல்லாம் இப்படிக் கணக்குத் தப்பியபோது எழுந்தது. பாட்டி செய்தது ஒன்றே ஒன்று: இறங்கியதிலிருந்து ஏறும்வரை ஒரே வேகம்.

கப்பலோட்டிகளிடம் இதற்குப் பழைய விதி உண்டு. எதிரே வரும் கப்பல் நம் பார்வையில் பக்கவாட்டில் விலகாமல், அதே திசையிலேயே இருந்துகொண்டு நெருங்கினால் மோதல் ஆபத்து. இதை 'மாறாத் திசைக்கோணம்' என்பார்கள். 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. ஸ்கூட்டர்காரர் இதைப் படித்ததில்லை, ஆனால் அவர் கண் செய்கிற வேலை இதுதான். சீராக நடக்கிறவர் அவர் பார்வையில் மெல்ல ஒரு பக்கம் விலகிக்கொண்டே போகிறார். எந்தப் பக்கம் புகுவது என்று அவருக்குக் குழப்பமே இல்லை.

இனி உங்கள் கைகோப்புக்கு வருவோம். ஒருவர் முன்னால் இறங்க, மற்றவர் பின்னால் இழுபட வந்திருப்பீர்கள். பயந்த இருவர் பெரும்பாலும் அப்படித்தான் இறங்குவார்கள். ஓட்டுகிறவர் பக்கமிருந்து பார்த்தால் அது ரோட்டுக்குக் குறுக்கே கட்டிய கயிறு. இருவருக்கும் நடுவே புக முடியாது; முன்னால் போவதா பின்னால் போவதா என்றும் தெரியாது. ஒருவர் நிற்க மற்றவர் நடந்தால் அவர் ஒரே நேரத்தில் இரண்டு கணக்குப் போட வேண்டும். இதற்குப் பதிலாகத் தோளோடு தோள் ஒட்டி நடங்கள். வண்டி வருகிற பக்கம் ஒருவர், அவர் மறைவில் மற்றவர். வருகிறவர் கண்ணுக்கு இரண்டு பேரும் ஒரே ஆளாகத் தெரிவீர்கள். தோழியிடம் தைரியம் கூடுதலாக இருந்தால் முதல் பாதி ரோட்டில் அவரை இடப்பக்கம் விடுங்கள், ஏனென்றால் வியட்நாமில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. முதலில் வருவது இடப்பக்கத்திலிருந்து. நம் ஊர்ப் பழக்கத்தில் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பிவிடும். எதிர்த்திசையில் ஓரமாக ஊர்ந்து வருகிறவர்களும் உண்டு என்பதால் இரு பக்கமும் பார்ப்பதே சரி.

முதுகுப்பையும் கவனிக்க வேண்டியது. நடு ரோட்டில் தோழியைப் பார்க்கச் சட்டென்று திரும்பினால் உங்கள் முதுகில் இருக்கும் பை அரை மீட்டர் வீசிச் சுழலும். கடந்து முடிக்கும்வரை திரும்பாதீர்கள், போனையும் எடுக்காதீர்கள்.

இவ்வளவும் ஸ்கூட்டருக்கு மட்டுமே பொருந்தும். கார், பஸ், லாரியால் அப்படி வளைய முடியாது. அவற்றைப் போகவிட்டுத்தான் இறங்க வேண்டும். வியட்நாம் சாலைகளில் ஆண்டுக்குப் பல ஆயிரம் பேர் உயிரிழக்கிறார்கள். எனவே சிக்னல் இருக்கிற இடம் வரை நடந்துபோய்க் கடப்பது கௌரவக் குறைவு இல்லை. 2025 ஜனவரி 1 முதல் சிவப்பு விளக்கைத் தாண்டும் மோட்டார் சைக்கிளுக்கு அபராதம் 40 லட்சம் டாங்கிலிருந்து தொடங்குகிறது, நம் பணத்தில் 10,000 ரூபாய்க்கும் மேல். வார இறுதிகளில் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டிகளையே விடுவதில்லை. அடுத்தமுறை போனால் அந்த நாட்களில் இறங்கிப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். ஹனோயில் கற்ற இந்த நடையைத் திருச்சி பைபாஸில் முயல வேண்டாம். அங்கே வருவது 80 கிலோமீட்டர் வேகத்தில் பஸ்ஸும் லாரியும்.